தோட்டத்துத் தபாலும் தொழிலாளர் உரிமையும்

(ரப்பர்த் தோட்டமொன்றின் பொது மண்டபத்தில், தொழிலாளர்களும் அலுவலகப் பணியாளர்களும் கூடிய கூட்டத்தில், தகவல் இலாகா அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை.)

 

பொழுது புலருமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, நிரையில் மரம் சீவி, பால் எடுத்து, நிறுவைக்குக் கொண்டு வந்து சேர்த்த களைப்போடு இம்மண்டபத்திற்கு வந்திருக்கின்றீர்கள். உங்கள் நேரத்தின் அருமையை நான் அறிவேன். ஆகவே, உங்களுக்கு உடனே பயன்படக்கூடிய ஒரு பொருளைப் பற்றி மட்டுமே இன்று பேச விரும்புகின்றேன். அது தபால்.

'தபாலைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது? அது கிராணியாரின் வேலை அல்லவா?' என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பட்டணத்தில் வாழ்பவர்களுக்குத் தபால்காரர் வீட்டு வாசலுக்கே வந்து கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் செல்கிறார். தோட்டத்தில் நிலைமை வேறு. பல தோட்டங்களில் எல்லாருடைய தபாலும் அலுவலகத்திற்கு ஒரே கட்டாக வந்து சேர்கிறது. அங்கிருந்துதான் அது நம் கைக்கு வரவேண்டும். ஆகவே, தோட்ட அலுவலகம் என்பது நிர்வாகத்தின் அலுவலகம் மட்டுமன்று. லயத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பத்தின் தபால் பெட்டியும் அதுவே. அந்தப் பெட்டி ஒழுங்காக இருந்தால் நம் உரிமைகள் ஒழுங்காக நம்மை வந்தடையும். ஒழுங்கு குலைந்தால் என்ன நேரும் என்பதை என் சொந்தக் குடும்பத்திலேயே நான் கண்டிருக்கின்றேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

நானும் உங்களைப் போன்று தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். 1990ஆம் ஆண்டில் நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்தேன். அவ்வாண்டின் தொடக்கத்தில், ரப்பர் ஷீட்டு உருட்டும் இயந்திரத்தில் என் தந்தையாரின் வலக்கை சிக்கி, இரண்டு விரல்கள் நசுங்கிப் போயின. மருத்துவ விடுப்புக் காலத்தில் சொக்சோ உதவித்தொகை கிடைத்து வந்தது. விடுப்பு முடிந்ததும் அத்தொகை நின்றது. உளி பிடிக்க இயலாத அவருக்குப் பால் ஸ்டோரைக் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுக்கப்பட்டது. சம்பளம் குறைந்தது. விரல்களின் இழப்பு எத்தனை விழுக்காடு என்பதை மருத்துவக் குழு நேரில் பார்த்து முடிவு செய்த பின்னரே நிரந்தர ஊனத்திற்குரிய தொகை கிடைக்கும் என்றார்கள். மருத்துவக் குழு அழைக்கும் கடிதத்திற்காக நாங்கள் காத்திருந்தோம்.

அந்தக் கடிதம் வந்தது. ஆனால் எங்களுக்கு வரவில்லை.

பெரிய கிராணியார் விடுப்பில் சென்றிருந்த வாரத்தில் அது அலுவலகத்திற்கு வந்திருக்கின்றது. யாரோ ஒருவர் உறையைப் பிரித்து, 'அவர் வந்து பார்த்துக் கொள்வார்' என்று எண்ணி, உர விளம்பரத் தாள்களோடு சேர்த்து ஒரு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். ஏழு வாரங்கள் கழித்து என் தந்தையார் தாமாகவே சென்று விசாரித்தபோதுதான் அது கண்டெடுக்கப்பட்டது. மருத்துவக் குழு அழைத்திருந்த நாள் கடந்து பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன.

மீண்டும் விண்ணப்பித்து, மீண்டும் காத்திருந்து, வேறொரு நாள் குறிக்கப்படுவதற்குப் பல மாதங்கள் ஆயின. அதுவரையில் மளிகைக் கடையில் பற்று ஏறிக் கொண்டே போயிற்று. என் தாயாரின் தோடு அடகுக் கடைக்குச் சென்றது. வட்டி கட்ட இயலாமல் அது மூழ்கிப் போயிற்று. பின்னாளில் உதவித்தொகை கிடைத்தது. ஆனால் அந்தத் தோடு திரும்பவில்லை.

அந்த அலுவலகத்தில் எங்களுக்குத் தீங்கு நினைத்தவர் எவருமில்லை. 'இக்கடிதம் எந்த நாளில் வந்தது? யார் வாங்கினார்?' என்று கேட்டபோது ஒருவராலும் விடை கூற முடியவில்லை. உறை குப்பைக்குப் போயிருந்தது. கடிதத்தின்மீது தேதி முத்திரை இல்லை. எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி எழுதப்படவில்லை. தவறு எங்கே நேர்ந்தது என்று காட்ட எங்களிடம் சான்றில்லை. தம்மீது தவறில்லை என்று காட்ட அங்கிருந்தவர்களிடமும் சான்றில்லை. 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?' என்று நம் முன்னோர் கேட்டார்கள். எழுதாத தபாலுக்கும் அதே விடைதான்.

கடிதத்தின் பெறுமதி

நம் சமுதாயத்திற்குக் கடிதத்தின் பெறுமதி புதியதன்று. நம் பாட்டன்மார் இந்நாட்டிற்கு வந்த காலத்தில், கடல் கடந்த உறவைக் காத்தது கடிதமே. எழுதத் தெரிந்த ஒருவரைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து ஊருக்குக் கடிதம் எழுதச் சொன்ன காட்சியை மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் இடையே வழக்கமான தபால் போக்குவரத்து அறுந்துபோனது. அதே காலத்தில் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களின் வீடுகளில், சென்றவர் இருக்கிறாரா இல்லையா என்பதைச் சொல்ல ஒரு துண்டுக் கடிதமும் வராமல் மக்கள் பட்ட வேதனை கொஞ்சமன்று.

பிற்காலத்தில் கடிதம் உறவுக்கு மட்டுமன்றி உரிமைக்கும் உரியதாயிற்று. 1951ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி தொடங்கப்பட்டது. 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்வதற்கு அனுமதி பெற வேண்டிய நிலை ஏற்பட்டது. 1971ஆம் ஆண்டில் சொக்சோ செயல்படத் தொடங்கியது. குடியுரிமை, அடையாளக் கார்டு, சேமநிதி, விபத்து உதவித்தொகை, பிள்ளைகளின் படிப்பு, இவை ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஒரு கடிதமாகவே நம்மை வந்தடைந்தன. அக்கடிதத்தில் ஒரு தேதி இருக்கும். அத்தேதிக்குள் நாம் ஒன்றைச் செய்ய வேண்டும்.

சட்டமும் இதனை வலியுறுத்துகிறது. ஓர் ஆவணத்தைத் தபால்வழி சேர்ப்பிக்கலாம் என்று ஒரு சட்டம் இடமளிக்குமானால், சரியான விலாசமிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பப்பட்ட அந்த ஆவணம், வழக்கமான தபால் போக்கில் சேர வேண்டிய நேரத்தில் சேர்ந்துவிட்டதாகவே கருதப்படும். மாறாக நிரூபிக்கும் வரையில் அக்கருத்தே நிற்கும். 'நான் பார்க்கவில்லை' என்று வாயால் கூறுவது மட்டும் போதாது என்பதே இதன் பொருள். எந்த நாளில் வந்தது என்பதைக் காட்டும் எழுத்து வேண்டும்.

வரும் தபாலை ஏற்கும் முறை

அலுவலகப் பணியாளர்களுக்கு நான் கூறப்போவது புதிதாக இராது. அரசாங்க அலுவலகங்களில் 'சூராட் மாசோக்', 'சூராட் கெலுவார்' என்று இரண்டு பதிவேடுகள் வைத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். முன்னது வரும் கடிதங்களுக்கு. பின்னது போகும் கடிதங்களுக்கு. ஆயினும், தொழிலாளர்களும் இம்முறையை அறிந்திருந்தால்தான் அது உயிரோடு நடைபெறும். ஆகையால் எல்லாருக்கும் விளங்கும்படி படிப்படியாகக் கூறுகிறேன்.

முதலாவது, தபாலை வாங்குவதற்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். அவர் விடுப்பில் செல்லும் நாளில் அவருக்குப் பதிலாக இன்னார் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். எல்லாரும் வாங்கலாம் என்ற இடத்தில் எவரும் பொறுப்பாளியல்லர். எங்கள் வீட்டுக் கடிதம் தவறியது பெரிய கிராணியார் இல்லாத வாரத்தில்தான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இரண்டாவது, வந்த தபாலைப் பிரிக்குமுன் வகைப்படுத்த வேண்டும். நிர்வாகத்தின் பெயருக்கு வந்தவை ஒரு பக்கம். தனியார் பெயருக்கு வந்தவை மறுபக்கம். தொழிலாளி ஒருவரின் பெயர் உறைமீது இருந்தால், அதைப் பிரிக்கும் உரிமை அவருக்கே உண்டு. நல்லெண்ணத்தோடு பிரிப்பதும் முறையன்று. பிறருக்குச் சேரவேண்டிய தபாலை வேண்டுமென்றே மறைத்து வைப்பது குற்றமாகும்.

மூன்றாவது, வந்த அன்றே ஒவ்வொன்றின்மீதும் தேதி முத்திரை குத்த வேண்டும். அலுவலகக் கடிதமாயின் கடிதத்தின்மீது. தனியார் கடிதமாயின் பிரிக்காத உறையின்மீது. முத்திரை இல்லையெனில் பேனாவால் தேதியை எழுதி ஒரு கையெழுத்திட்டாலும் போதும்.

நான்காவது, பதிவேட்டில் எழுத வேண்டும். அதற்கு ஏழு கட்டங்கள் போதும். வரிசை எண், வந்த தேதி, அனுப்பியவர், கடிதத்தின் தேதியும் குறிப்பு எண்ணும், பொருள், யாருக்கு உரியது, பெற்றுக் கொண்டவரின் கையெழுத்தும் நாளும். தனியார் கடிதம் பிரிக்கப்படாதது ஆகையால், உறைமீது காண்பதை மட்டும் எழுதினால் போதும். மலாய் மொழிக் கடிதங்களின் மேற்புறத்தில் 'ருஜுக்கான் காமி' என்று ஓர் எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அனுப்பியவருடைய கோப்பின் எண். பதில் எழுதும்போது அவ்வெண்ணை நாம் குறிப்பிட்டால்தான் நம் கடிதம் உரிய கோப்பில் சென்று சேரும். இல்லையெனில் அங்கேயும் ஓர் இழுப்பறைக்குள் போய்விடக்கூடும்.

ஐந்தாவது, அலுவலகக் கடிதத்தோடு இணைப்புகள் உள்ளனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 'இரண்டு பாரங்கள் இணைக்கப்பட்டுள்ளன' என்று கடிதம் கூறி, உறையில் ஒன்றுதான் இருக்குமாயின், அதனை அப்பொழுதே குறித்து வைக்க வேண்டும். முக்கியமான கடிதத்தின் உறையையும் எறிந்துவிடக் கூடாது. தபால் நிலையத்தின் முத்திரை உறைமீதுதான் இருக்கும்.

ஆறாவது, அன்றைய தபாலை அன்றே, தவறினால் மறுநாள் காலைப் பெரட்டிலேயே, உரியவரிடம் கொடுத்துக் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ பெற வேண்டும். 'செகெரா' என்று குறிக்கப்பட்ட அவசரக் கடிதமாயின் பெரட்டு வரையில் காத்திருத்தலும் கூடாது. நோயுற்று மருத்துவமனையில் இருப்பவருக்கு வந்த கடிதத்தை அவர் வீட்டார் கையில் சேர்த்து, யார் வாங்கினார் என்பதை எழுத வேண்டும்.

ஏழாவது, வாரம் ஒருமுறை பதிவேட்டைத் திறந்து, கையெழுத்தில்லாமல் நிற்கும் வரிகள் எவை என்று பார்க்க வேண்டும். கையெழுத்தில்லாத வரி, சேராத கடிதம். இந்த ஒரு பழக்கம் 1990ஆம் ஆண்டில் எங்கள் தோட்ட அலுவலகத்தில் இருந்திருந்தால், அந்தக் கடிதம் ஏழு வாரங்கள் இருளில் கிடந்திராது. ஏழாம் நாளிலேயே வெளிச்சத்திற்கு வந்திருக்கும்.

இங்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களும் நம்மோடு வேலை செய்கின்றனர். அவர்களுடைய அனுமதிப் பத்திரம் பற்றிய கடிதங்களுக்கும் இதே ஒழுங்கு உரியது. மொழி தெரியாத ஊரில் கடிதத்திற்காகக் காத்திருப்பதன் துன்பத்தை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

போகும் தபாலை அனுப்பும் முறை

வரும் தபாலுக்கு எவ்வளவு கவனம் வேண்டுமோ, போகும் தபாலுக்கும் அவ்வளவு கவனம் வேண்டும். ஒரு தொழிலாளிக்கு வேலையில் விபத்து நேருமாயின், அதனை அறிந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. தகுந்த காரணமின்றி வேலை நீக்கம் செய்யப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தின்கீழ், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழிலுறவு இலாகாவிடம் முறையிட வேண்டும். பதிவு பெற்ற கோயில் நிர்வாகம், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் தன் ஆண்டறிக்கையைச் சங்கங்களின் பதிவிலாகாவிடம் சேர்ப்பிக்க வேண்டும். இவ்விடங்களிலெல்லாம் 'அனுப்பினோம்' என்று சொன்னால் மட்டும் போதாது. அனுப்பிய நாளைக் காட்ட வேண்டும்.

ஆகவே, கடிதம் எழுதியதும் அதற்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். தேதியும், நம் குறிப்பு எண்ணும், அவர்களுடைய குறிப்பு எண்ணும் அதில் இருக்கட்டும். உறையை ஒட்டுமுன், கையெழுத்து உள்ளதா, இணைப்புகள் உள்ளனவா என்று பாருங்கள். கையெழுத்தில்லாத பாரமும், அடையாளக் கார்டின் நகல் இணைக்கப்படாத விண்ணப்பமும் திரும்பி வந்தால், வீணாகும் வாரங்கள் நம்முடையவை.

விலாசத்தைத் தெளிவாக எழுதுங்கள். ஐந்து இலக்கத் தபால் குறியீட்டைச் சரிபார்த்து எழுதுங்கள். சுங்கை பட்டாணியின் குறியீடு 08000. அதில் சுழியும் எட்டும் இடம் மாறி 80000 ஆகிவிட்டால், அது ஜொகூர் பாருவின் குறியீடு. கெடாவுக்குப் போக வேண்டிய கடிதம், நாட்டின் தென்கோடிக்குச் செல்லப் புறப்பட்டுவிடும்! அனுப்புநரின் விலாசத்தை உறையின் பின்புறம் எழுத மறவாதீர்கள். சேராத கடிதம் திரும்பி வருவதற்கு அது உதவும்.

முக்கியமான கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் நிலையத்தில் கொடுக்கும் ரசீதைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்து ஒட்டி வையுங்கள். நேரில் கொண்டு சென்று கொடுப்பதாயின், ஒரு பிரதியின்மீது அந்த இலாகாவின் தேதி முத்திரையைப் பெற்றுக் கொள்ளுங்கள். இதனைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. முகப்பிடத்தில் இருப்பவர் அதனை நாள்தோறும் செய்பவரே. பிறகு, போகும் தபால் பதிவேட்டில் ஒரு வரி: எண், தேதி, யாருக்கு, என்ன பொருள், எவ்வழியில் அனுப்பப்பட்டது, ரசீது எண். இவ்வளவே.

தொழிலாளர்களின் பங்கு

இனி, பதிவேட்டின் மறுபுறத்தில் நிற்கும் தொழிலாளர்களின் பங்கைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

கடிதம் எதிர்பார்த்துக் கொண்டிருப்பவர்கள், 'எனக்குத் தபால் உண்டா?' என்று கேட்பதோடு நில்லாமல், 'பதிவேட்டைப் பார்க்கலாமா?' என்று பணிவோடு கேளுங்கள். அது சந்தேகமன்று, முறை. அவ்வாறு கேட்பவர்கள் இருக்கும் தோட்டத்தில்தான் பதிவேடு தவறாமல் எழுதப்படும்.

கையெழுத்திடும்போது, வாங்கிய நாளை நீங்களே எழுதுங்கள். கையில் கடிதம் வருமுன் கையெழுத்திடாதீர்கள். அண்டை வீட்டாருக்காக வாங்கினால், அன்று மாலையே அவரிடம் சேர்த்துவிடுங்கள். சமையற்கட்டில் குத்தி வைத்து மறந்துவிடுவதற்கும் அலுவலக இழுப்பறையில் மறந்து வைப்பதற்கும் வேறுபாடு ஒன்றுமில்லை.

அரசாங்கக் கடிதங்கள் பெரும்பாலும் மலாய் மொழியில் வருகின்றன. படிக்க இயலாத பெரியவர்கள், பள்ளியில் படிக்கும் பிள்ளையிடமோ, பள்ளி ஆசிரியரிடமோ, தொழிற்சங்கச் செயலாளரிடமோ அன்றே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். 'நான் என்ன செய்ய வேண்டும்? எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும்?' அந்தத் தேதியைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். என் தந்தையார் பிற்காலத்தில் இதைத் தவறாமல் செய்து வந்தார். அவருக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டு நாட்காட்டியில் அவர் இட்ட வட்டங்களை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

பதிவுத் தபாலுக்கான அறிவிப்புச் சீட்டு வந்தால், 'சம்பள நாளில் பட்டணத்திற்குப் போகும்போது வாங்கிக் கொள்ளலாம்' என்று தள்ளிப் போடாதீர்கள். குறித்த காலத்திற்குள் வாங்கப்படாத தபால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

தோட்டம் கைமாறினாலும், துண்டாடப்பட்டாலும், வேலை மாறி வேறிடம் சென்றாலும், முதலில் செய்ய வேண்டியது புதிய விலாசத்தை அறிவிப்பதாகும். பழைய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். சேமநிதி வாரியத்திற்கும் சொக்சோவுக்கும் தெரிவியுங்கள். குடியிருக்கும் இடம் மாறினால், அடையாளக் கார்டில் உள்ள விலாசத்தையும் 30 நாட்களுக்குள் மாற்றப் பதிவிலாகாவுக்குச் செல்லுங்கள். நாம் இல்லாத லயத்திற்கு வரும் கடிதம் நம்மைத் தேடிக் கொண்டு வாராது.

வந்த கடிதங்களையெல்லாம் ஒரே இடத்தில் வையுங்கள். பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்று போதும். பிறப்புப் பத்திரம், சேமநிதிக் கணக்கு, சம்பளச் சீட்டு, சொக்சோ கடிதம், யாவும் அதில் இருக்கட்டும்.

'இன்று எல்லாம் கைத்தொலைபேசியில் வந்துவிடுகின்றனவே!' என்று இளைஞர்கள் கூறக்கூடும். உண்மைதான். நம் தபால் இலாகா 1992ஆம் ஆண்டில் நிறுவனமாக மாற்றப்பட்டது. அதன் பின்னர் மின்னஞ்சலும் இணையக் கணக்கும் வந்துவிட்டன. சேமநிதிக் கணக்கை இன்று கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிடலாம். ஆயினும், வழி மாறியதே ஒழிய, ஒழுங்கு மாறவில்லை. அலுவலக மின்னஞ்சலுக்கு வரும் அறிவிப்பையும் யாரேனும் ஒருவர் நாள்தோறும் திறந்து பார்த்துப் பதிய வேண்டும். திறக்கப்படாத மின்னஞ்சலும் இழுப்பறைக்குள் கிடக்கும் கடிதமே. அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி வங்கிக் கணக்கு எண்ணையும் இரகசிய எண்ணையும் கேட்டு வரும் போலிச் செய்திகளுக்கு இணங்கிவிடாமல், உரிய அலுவலகத்தில் நேரில் விசாரித்துத் தெளிவதும் இன்றைக்கு இன்றியமையாதது.

மற்றொரு கடிதத்தின் கதை

தவறிப்போன கடிதத்தின் கதையைச் சொன்னேன். தவறாமல் வந்த கடிதத்தின் கதையையும் சொல்லி என் உரையை நிறைவு செய்கிறேன்.

என் தந்தையாரின் கடிதம் கண்டெடுக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டில் எங்கள் தோட்டத்திற்குப் புதிய பெரிய கிராணியார் ஒருவர் வந்தார். நடந்ததைக் கேள்வியுற்ற அவர், தடித்த அட்டை போட்ட நீண்ட புத்தகம் ஒன்றை வாங்கி, அளவுகோல் வைத்துக் கட்டங்கள் போட்டு, அலுவலகச் சாளரத்தின் அருகே ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டார். அதற்குத் 'தபால் புத்தகம்' என்று பெயர். தொடக்கத்தில், 'இது எதற்கு வீண் வேலை?' என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. நாளடைவில் அதில் கையெழுத்திடுவது எல்லாருக்கும் பழக்கமாயிற்று. கையெழுத்திடத் தெரியாதிருந்த சிலர், அந்தப் புத்தகத்திற்காகவே தங்கள் பெயரை எழுதப் பழகிக் கொண்டார்கள்.

1999ஆம் ஆண்டில், படிப்பை முடித்துவிட்டு, அதே தோட்டத்தில் நானும் மரம் சீவிக் கொண்டிருந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒருநாள் காலை பத்து மணியளவில், பால் எடுக்கும் நேரத்தில், அலுவலகத்தில் தபால் வாங்கும் பெரியவர் மோட்டார் சைக்கிளை வரப்போரம் நிறுத்திவிட்டு என் நிரைக்குள் நடந்து வந்தார். ஒரு கையில் கடிதம். மறு கையில் அந்தப் புத்தகம்.

"தம்பி, 'செகெரா' என்று போட்டிருக்கிறது. பெரட்டு வரையில் வைத்திருக்க மனம் வரவில்லை. முதலில் கையெழுத்தைப் போடு" என்றார்.

பால் பிசுபிசுத்த விரல்களைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கையெழுத்திட்டேன். பயிற்சிக்கு இடம் கிடைத்த செய்தி அது. இரண்டு வாரங்களுக்குள் ஒப்புதல் பாரம் போய்ச் சேர வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் செய்தாக வேண்டும். அக்கடிதம் எங்கோ ஓரிடத்தில் பத்து நாட்கள் தங்கியிருந்தால், அந்த இடம் வேறொருவருக்குப் போயிருக்கும். அன்று மாலை வீட்டிற்குச் சென்று கடிதத்தைக் காட்டியபோது, என் தந்தையார் செய்தியைக் கேட்குமுன் கேட்ட முதற்கேள்வி, "இது எந்த நாளில் வந்தது?" என்பதுதான். "இன்றைக்குத்தான், அப்பா" என்றேன். இரண்டு விரல்கள் குறைந்த அந்தக் கையால் உறையை வாங்கி, அதன்மீதிருந்த தேதி முத்திரையை நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார். என் தாயார் ஒன்றும் பேசவில்லை.

ஒரே தோட்டம், ஒரே அலுவலகம், ஒரே குடும்பம். முதற்கடிதத்திற்கும் இரண்டாம் கடிதத்திற்கும் இடையே இருந்த வேறுபாடு, சில வெள்ளி விலையுள்ள ஒரு புத்தகமும், அதனை நாள்தோறும் எழுதிய ஒருவருடைய கடமையுணர்வும்தான்.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே! நிர்வாகி அவர்களிடம் நான் முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. இவ்வலுவலகத்தில் ஏற்கெனவே தபால் பதிவேடு உள்ளதெனில், அதில் தொழிலாளர்களின் தனிக் கடிதங்களுக்கும் இடம் கொடுங்கள். இல்லையெனில், நாளையே ஒன்றைத் தொடங்குங்கள். தோட்டத் தொழிற்சங்கக் கிளையும், கோயில் நிர்வாகமும், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தத்தமக்கென ஒவ்வொன்று வைத்துக் கொள்ளட்டும். தொழிலாளர்களிடம் நான் வேண்டுவதும் ஒன்றே. கடிதம் கைக்கு வரும்போது தேதியைப் பாருங்கள், தேதியை எழுதுங்கள், தேதிக்குள் செய்யுங்கள்.

கூட்டம் முடிந்ததும், கையில் கடிதம் வைத்திருந்து அதன் பொருள் விளங்காதவர்கள் என்னிடம் வாருங்கள். எவ்வளவு நேரமானாலும் இருந்து படித்துச் சொல்லிவிட்டே செல்வேன்.